இருவர் நடத்திய வகுப்பு

குளிர்கால விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த அன்று மார்ஷா லெவின்தால் தன் வகுப்புக்குத் தனியாகப் போனாள். மேடையில் வழக்கம்போல இரண்டு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அறையை ஒழுங்கு செய்கிறவர்களிடம் யாரும் விஷயத்தைச் சொல்லியிருக்கவில்லை. ஒன்றை எடுத்து ஓரமாக வைத்துவிடலாமா என்று நினைத்தாள். அறை நிறைய மாணவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது அதைச் செய்ய மனம் வரவில்லை. இரண்டையும் அப்படியே விட்டுவிட்டு நின்றுகொண்டே பேசினாள்.

‘ஒரு நிலம், இரண்டு வரலாறு’ என்பது வகுப்பின் பெயர். அவளும் முனீர் கத்தானும் சேர்ந்து பதினொரு வருஷமாக நடத்தி வந்தது. அமெரிக்காவில், விஸ்கான்சினில் ஏரிக்கரை ஊர் ஒன்றில் இருக்கும் சின்னக் கல்லூரி அது. அங்கே யூதப் பேராசிரியை ஒருத்தியும் பாலஸ்தீனப் பேராசிரியர் ஒருவரும் ஒரே மேடையில் உட்கார்ந்து இஸ்ரேல்-பாலஸ்தீன வரலாற்றைச் சொல்லித் தருகிறார்கள் என்பது கல்லூரிக்கே பெருமையாக இருந்தது. சேர்க்கைக்கான விளம்பரத்தில் இருவர் படத்தையும் போட்டிருந்தார்கள். மாணவர்கள் என்னவோ இவர்களுடைய சண்டையைப் பார்க்கத்தான் முண்டியடித்துச் சேர்ந்தார்கள்.

“தாயே, கொஞ்சம் மூச்சு விடு. ஒரே வாக்கியத்துல ரெண்டாயிரம் வருஷத்தைத் தாண்டிட்ட,” என்பான் முனீர், எல்லோர் முன்னிலையிலும்.

“நீ ஒரு ஊரைத் தாண்டறதுக்கே ஒரு மாசம் எடுத்துக்கறியே, அதுக்கும் இதுக்கும் சரியாப் போச்சு.”

அவன் பேசும் நாளில் அவள் மாணவர்களோடு முன்வரிசையில் உட்கார்ந்து கேட்பாள். அவள் பேசும் நாளில் அவன். பிறகு மேடையில் இரண்டு பேரும் மோதிக்கொள்வார்கள். மார்ஷா தன் அம்மாவின் கதையைச் சொல்வாள். ஜெர்மனியில் அகதி முகாமிலிருந்து கப்பலேறி ஹைஃபாவில் இறங்கிய பத்தொன்பது வயதுப் பெண் அவள். அவளுக்கு ஒதுக்கிய வீட்டில் வேறு யாருடைய காபிக் கோப்பைகளோ கழுவாமல் கிடந்தன. அம்மா அவற்றைக் கழுவி, துடைத்து, இரண்டு வருஷம் அவற்றிலேயே குடித்தாள். பிறகு மில்வாக்கிக்கு வந்துவிட்டாள். “யாருடையதுன்னு அம்மா ஒரு தடவையாவது கேட்டாங்களான்னு தெரியல. நானும் அவங்களைக் கேட்கல,” என்று மார்ஷா முடிப்பாள்.

முனீர் தன் அப்பாவின் கதையைச் சொல்வான். 1948, ஜூலை மாத வெயில். லித் என்ற ஊரிலிருந்து விரட்டப்பட்ட கூட்டத்தோடு கூட்டமாக, எட்டு வயதுப் பையன் மலைப் பக்கம் நடக்கிறான். வழியில் ஒரு கிணறு. அங்கே ஒரு கிழவி தகரக் குவளையில் தண்ணீர் மொண்டு வாயருகே கொண்டுபோகிறாள். பையன் அவளைத் தள்ளிவிட்டு, குவளையைப் பிடுங்கி முழுவதையும் குடித்துவிடுகிறான். கிழவி எழுந்தாளா, எழவில்லையா என்று அவன் திரும்பிப் பார்க்கவில்லை. “எங்க அப்பா அடிப்பார். பெல்ட்டால அடிப்பார்,” என்பான் முனீர். “சாகறதுக்கு ஒரு வாரம் முன்னாலதான் அந்தக் கிழவியைப் பத்திச் சொன்னார். பாதிக்கப்பட்டவங்க எல்லாம் புனிதர்கள்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ஆனா அந்தப் பையனை அந்தக் கிணத்துக்கு விரட்டினது யாருன்னு கேளுங்க.”

பதினொரு வருஷம் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டதில், அந்தப் பாடம் மார்ஷாவுக்கு இருமல் உட்பட மனப்பாடம்.

போன அக்டோபரில், காஸா எல்லை வேலியை உடைத்துக்கொண்டு இஸ்ரேலுக்குள் புகுந்தவர்கள் பலரைக் கொன்ற நாளோடு எல்லாம் புரண்டுபோனது. ஹைஃபாவில் இருக்கும் தன் அண்ணன் குடும்பம் பத்திரமாக இருக்கிறதா என்று மார்ஷா போனும் கையுமாக இருந்தாள். பிறகு குண்டுகள் விழத் தொடங்கியபோது, காஸாவில் தெய்ர் அல்-பலாவில் இருக்கும் தன் அத்தை உயிரோடு இருக்கிறாளா என்று முனீர் போனும் கையுமாக இருந்தான். இருந்தும் வகுப்பை நிறுத்தவில்லை. மேடையில் சண்டை போடும்போது முன்பிருந்த சிரிப்பு மட்டும் இல்லை.

முனீர் சும்மா இருக்கிறவனும் இல்லை. போரைக் கண்டித்து ஆசிரியர்கள் எழுதிய கடிதத்தில் முதல் கையெழுத்து அவனுடையது. இஸ்ரேலியப் பல்கலைக்கழகங்களோடு உறவை முறிக்க வேண்டும் என்ற கடிதத்திலும் போட்டான். மார்ஷா இரண்டாவதில் போடவில்லை. “அங்க என் கூட வேலை செய்யறவங்களை நான் எப்படித் தள்ளி வைப்பேன்?” என்று கேட்டாள். “சரி, போடாதே. நான் கேட்கலையே,” என்றான். அவன் அப்படிச் சொன்னதுதான் அவளுக்கு வலித்தது.

நவம்பரில் நூலகப் படிக்கட்டில் கூட்டம் நடந்தது. ஆசிரியர்கள் வரிசையாக நின்று பேசினார்கள். முனீர் பேசியது சில நிமிஷங்கள்தான். “வேலி உடைஞ்சதுன்னு அன்னிக்குக் காலையில கேட்டப்போ எனக்கு முதல்ல வந்தது துக்கம் இல்ல. அடைச்சுக் கிடந்த மூச்சு வந்தது. துக்கம் மத்தியானம் வந்தது, செத்தவங்க பேரெல்லாம் வர ஆரம்பிச்சப்போ. ரெண்டையும் உங்ககிட்ட சொல்லாட்டி நான் பொய்யன்,” என்றான்.

யாரோ எடுத்த வீடியோ ‘மூச்சு வந்தது’ என்ற இடத்தோடு நின்றது. மறுநாளே அது ஊரெல்லாம் சுற்றியது. பழைய மாணவர்கள், பெற்றோர்கள், நன்கொடை கொடுப்பவர்கள் என்று ஆளாளுக்கு எழுதினார்கள். மார்ஷா அவன் பேச்சை முழுதாகத்தான் கேட்டாள். முழுதாகக் கேட்டும் வலித்தது. அதைக் கார் நிறுத்துமிடத்தில் அவனிடமே சொன்னாள்.

“முதல்ல வந்தது என்னன்னு நீ சொல்லித்தான் ஆகணுமா?”

“பின்ன, உன்கிட்ட ஒண்ணு, உள்ளுக்குள்ள ஒண்ணுன்னு இருக்கச் சொல்றியா?”

“சில சமயம் ஆமா. அதுக்குப் பேருதான் மரியாதை.”

“அந்த மரியாதையை எங்க ஆளுங்ககிட்ட எழுபத்தஞ்சு வருஷமா கேட்டுட்டு இருக்காங்க,” என்று சொல்லிவிட்டு அவன் காரில் ஏறிப் போய்விட்டான். டிசம்பரில், விசாரணை முடியும்வரை சம்பளத்தோடு கட்டாய விடுப்பு என்று அவனுக்கு உத்தரவு வந்தது. கல்லூரிக்குள் வரக்கூடாது, மாணவர்களோடு தொடர்பு கூடாது. அந்தக் கார் நிறுத்துமிடத்துப் பேச்சுதான் அவர்களுடைய கடைசிப் பேச்சாக நின்றுபோயிருந்தது.

திறந்த முதல் வாரத்திலேயே தாமார் ரெஸ்னிக் என்ற மாணவி மார்ஷாவின் அறைக்கு வந்தாள். இஸ்ரேலில் அக்டோபர் மாதம் அவளுடைய பெரியப்பா மகனைக் கொன்றிருந்தார்கள். முனீர்மேல் வந்த புகார்களில் அவளுடையதும் ஒன்று. கதவை மூடிவிட்டு, கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள்.

“நான் அவரை சஸ்பெண்ட் பண்ணச் சொல்லல, ப்ரொஃபசர்.”

“நீ என்ன சொன்ன?”

“நான் முன்னாடி வரிசையிலதான் நின்னேன். ‘மூச்சு வந்தது’ன்னு சொல்றப்போ அவர் என்னைப் பார்த்தார். உடனே வேற பக்கம் திரும்பிட்டார். எனக்கு அதுதான்… அவர் என் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லணும்னு நினைச்சேன். அப்புறம் நானும் ஏதாவது சொல்லலாம். டீன் ஆபீஸ்ல இதைச் சொன்னேன். ‘பாதுகாப்பில்லாம உணர்ந்தியா’ன்னு கேட்டாங்க. அழுதுட்டு இருந்தேனா, ஆமான்னுட்டேன்.”

“இப்ப?”

“இப்ப எல்லாரும் என்னைப் பார்த்தா எழுந்து வேற மேஜைக்குப் போறாங்க.” சிரிக்க முயன்றாள். “அவரும் இல்ல. யார்கிட்டப் போய் நான் சண்டை போட?”

மார்ஷா மேஜை இழுப்பறையில் இருந்த சாக்லேட்டை எடுத்து நீட்டினாள். அந்தப் பெண் வாங்கிக்கொண்டு போனாள்.

பிப்ரவரி வந்தது. பாடத்திட்டப்படி அந்தச் செவ்வாய்க்கிழமை முனீர் 1948-ஐப் பேச வேண்டிய நாள். அந்த நாளை வெறும் புத்தகப் பகுதிகளை வாசிக்கச் சொல்லித் தள்ளிவிடலாம் என்று துறைத்தலைவர் யோசனை சொன்னார். மார்ஷாவுக்கு அது பிடிக்கவில்லை. அவனை வெளியே நிறுத்தலாம், அவன் பாடத்தை வெளியே நிறுத்த விடமாட்டேன் என்று ஒரு வீம்பு வந்தது அவளுக்கு. மேடையேறி, “இது என்னோட பாடம் இல்ல. ப்ரொஃபசர் கத்தானோட பாடம். எனக்குத் தெரிஞ்ச அளவுக்கு அவர் வார்த்தையிலேயே சொல்றேன்,” என்று ஆரம்பித்தாள்.

லித்தின் சந்துகளைச் சொன்னாள். வாசலில் வந்து நின்ற சிப்பாய்களைச் சொன்னாள். வெயிலைச் சொன்னாள். அந்த எட்டு வயதுப் பையன் அவள் குரலில் நடந்தான். கிணற்றடிக்கு வந்தபோது அவளுக்கு நாக்கு நின்றது. கிழவி குவளையோடு நிற்கிறாள். தாமார் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். யாரோ போனில் பதிவு செய்துகொண்டிருக்கிறார்கள். “பையன் தண்ணி குடிச்சான். திரும்பி நடந்தான்,” என்று சொல்லி மேலே போய்விட்டாள்.

முடிவில் ஒரு மாணவன் கேட்டான், “ப்ரொஃபசர் கத்தான் படிக்கட்டுல நிஜமா என்னதான் சொன்னார்?” அவள் அதையும் ஒரு வார்த்தை விடாமல் திருப்பிச் சொன்னாள். மூச்சையும், துக்கத்தையும். பலர் அழுதார்கள். எழுந்து நின்று கைதட்டினார்கள். முனீருக்கு அந்த அறையில் யாரும் கைதட்டி அவள் பார்த்ததில்லை.

அந்த வீடியோவை லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். தடுக்கப்பட்ட நண்பனின் குரலாக நின்ற யூதப் பெண் என்று எழுதினார்கள். துரோகி என்றும் எழுதினார்கள், புகழ்ச்சிதான் அதிகம். சமூகவியல் துறை கிரெக் ட்வெட், அதுவரை அவளைப் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டுகிறவர், நடைவழியில் வைத்துக் கட்டியணைத்துக்கொண்டார்.

“கடைசியில நம்ம பக்கம் வந்துட்டீங்களே!”

“நான் எந்தப் பக்கமும் வரல, கிரெக். வகுப்புக்குத்தான் வந்தேன்.”

நல்ல நகைச்சுவை என்று அவர் உரக்கச் சிரித்தார்.

வெள்ளிக்கிழமை தோழி எஸ்டெல் போன் செய்தாள். மார்ஷாவின் கணவர் இறந்ததிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் சினகாக்கில் தொழுகை முடிந்ததும் மதியச் சாப்பாடு எஸ்டெல் வீட்டில்தான்.

“மார்ஷா, கோவிச்சுக்காத. இந்த வாரம் வேண்டாமே. என் நாத்தனார் வேற வந்திருக்கா. எல்லாரும் கொஞ்சம் ஆறட்டும்.”

“அந்த வீடியோவை முழுசாப் பார்த்தியா?”

“பார்த்தேன்டி. அழகாத்தான் பேசின. அதுதான் கஷ்டமா இருக்கு. எங்களைப் பத்தி என்னிக்காவது இப்படி அழகாப் பேசியிருக்கியா?”

பேசியிருக்கிறேன், வருஷா வருஷம் பேசுகிறேன், நீ வந்து கேட்டதில்லை என்று மார்ஷா சொல்லவில்லை. அடுத்த வாரமும் எஸ்டெல் கூப்பிடவில்லை. அதற்கடுத்த வாரம் மார்ஷா சினகாக்குக்கே போகவில்லை. சனிக்கிழமை மதியத்தில் ரொட்டியையும் சூப்பையும் வைத்துக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். சின்ன ஊரில் பனிக்காலத்துச் சனிக்கிழமை எவ்வளவு நீளம் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

திங்கட்கிழமை டீன் பிரெண்டா ஹால்வர்சனைப் பார்க்கப் போனாள். “முனீர் சொன்னதை நானும் சொன்னேன். அதே கல்லூரி, அதே வார்த்தை. என்னையும் சஸ்பெண்ட் பண்ணுங்க,” என்றாள்.

டீன் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டாள். கெட்டவள் இல்லை. பல நாள் தூங்காத முகம். “மார்ஷா, நீங்க அவர் சொன்னதா எடுத்துச் சொன்னீங்க. அவர் தானாச் சொன்னார்.”

“அவ்வளவுதானா வித்தியாசம்?”

“அவ்வளவுதான்னு நினைக்கறீங்களா? அந்தப் பேச்சுல வர ‘எனக்கு’ யாரோடது? உங்களோடதா? அன்னிக்கு உங்களுக்கு மூச்சா வந்தது?”

மார்ஷா மடியிலிருந்த கையுறைகளை எடுத்து மாட்டத் தொடங்கினாள்.

“உங்க மேலயும் நாப்பது புகார் வந்திருக்கு. எதையும் நான் எடுத்துக்கல. உங்களுக்குச் சாதகமா வந்தது ஐந்நூறு. வீட்டுக்குப் போங்க, ப்ளீஸ்.”

வீட்டுக்குப் போகவில்லை. காரை நேராக முனீர் வீட்டுக்கு விட்டாள். அவனுக்காகத் தன் வேலையையே பணயம் வைத்திருக்கிறாள். அதை அவனிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. கார் நிறுத்துமிடத்துப் பேச்சு அதோடு கரைந்துபோய்விடும் என்று நம்பினாள்.

முனீர் வாசலில் பனியை மண்வாரியால் ஒதுக்கிக்கொண்டிருந்தான். தாடி வளர்ந்திருந்தது. அவன் மனைவி ரீம் மருத்துவமனை வேலைக்குப் போயிருந்தாள். உள்ளே கூப்பிட்டு மரமிய்யா என்ற வாசனை இலை போட்ட தேநீர் வைத்துக் கொடுத்தான். டீனிடம் பேசியதை அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடவில்லை. அவன் குறுக்கிடாமல் கேட்டது அவளுக்குப் பயமாக இருந்தது.

“வீடியோ பார்த்தேன்,” என்றான் கடைசியில். “எங்க அக்கா அம்மான் நகரத்துலேர்ந்து அனுப்பினா. அழுதாளாம்.”

“நீ?”

“எங்க அப்பா உன் குரல்ல ரொம்ப நல்லவரா இருக்கார், மார்ஷா.”

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. இருந்தும், “என்ன சொல்ற?” என்றாள்.

“அந்தக் கிழவி எங்கே?”

“முனீர்…”

“பதினொரு வருஷம் கேட்டிருக்க. மறந்திருக்க முடியாது. கிழவியை ஏன் விட்ட?”

“என் வாயால அதைச் சொன்னா வேற மாதிரி ஆயிடும். ஒரு யூதப் பொம்பள உங்க அப்பாவைத் திருடன்னு சொன்ன மாதிரி இருக்கும். எனக்கு அந்த உரிமை இல்ல.”

“சரி. உரிமை இல்லைன்னு தெரிஞ்சுதுல்ல? அப்ப மீதியை மட்டும் எப்படி எடுத்துக்கிட்ட?” அவன் குரல் உயரவில்லை. “அவர் என்னை பெல்ட்டால அடிச்சவர். அவரைக் கழுவித் துடைச்சு, எல்லாரும் அழற மாதிரி ஒரு குழந்தையாக்கி நிறுத்திட்ட. நான் சொன்னா ஆபத்து. அதையே நீ சொன்னா நெஞ்சு உருகுது. இந்த ஊருக்கு இப்ப நான் தேவையே இல்ல, தெரியுதா? என் பாடத்துக்கு நான் இல்லாத ஒரு பதிப்பு கிடைச்சாச்சு. இதுதான் நல்லா இருக்கு அவங்களுக்கு.”

“நான் உனக்காகத்தான் பண்ணினேன்.”

“தெரியும். அதனாலதான் உன்கிட்டக் கத்த முடியல.”

“அப்ப நான் என்ன பண்ணியிருக்கணும்? அந்த நாளைச் சும்மா விட்டிருக்கணுமா?”

“ஆமா. நாற்காலியை மேடையில போட்டுட்டு நீ கீழ உட்கார்ந்திருக்கணும். ஒரு மணி நேரம் எல்லாரும் சும்மா அதைப் பார்த்துட்டு இருந்திருக்கணும்.”

“அது நாடகம், முனீர்.”

“இருக்கலாம்,” என்றான் அவன். களைத்துப்போயிருந்தான். “எனக்கும் தெரியல. விடு.”

வாசல் வரை வந்து, வழுக்கும் என்று படியில் கை கொடுத்து இறக்கிவிட்டான். காருக்குள் உட்கார்ந்து அவள் வெகுநேரம் அழுதாள். கண்ணாடியெல்லாம் ஆவி படிந்துவிட்டது. அவன் மறுபடி பனி ஒதுக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

அந்தப் பருவம் முடியும்வரை அவள் தன் பாடங்களை மட்டும் நடத்தினாள். அவனுடைய நாட்களில் புத்தகத்திலிருந்து வாசிக்க வைத்தாள். மாணவர்களுக்கு ஏமாற்றம். மறுபடி அந்த மாதிரி ஒரு நாள் வரும் என்று எதிர்பார்த்து வெளியிலிருந்துகூடச் சிலர் வந்து உட்கார்ந்தார்கள். அது வராது என்று தெரிந்ததும் வருவதை நிறுத்திவிட்டார்கள். ஏப்ரலில் புல்வெளியில் மாணவர்களின் போராட்டக் கூடாரங்கள் முளைத்தபோது கிரெக் அவளை அழைக்க வரவில்லை. கடைசித் தேர்வில் தாமார் விடைத்தாளோடு வந்து, “அவர் திரும்பி வருவாரா?” என்று மட்டும் கேட்டாள். “தெரியலம்மா,” என்றாள் மார்ஷா.

மே மாதம் விசாரணை முடிந்தது. விதிமீறல் எதுவும் நிரூபணமாகவில்லை, இனி பொது இடத்தில் பேசும்போது கவனம் தேவை என்று ஒரு குறிப்போடு முனீரைத் திரும்ப வரச் சொன்னார்கள். அதற்குள் அவனுக்குக் கனடாவில் டொரோண்டோ பக்கம் ஒரு கல்லூரியில் வேலை கிடைத்துவிட்டது. பிரிவுக் கூட்டம் எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். மார்ஷாவுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. “போறேன், தாயே. திட்டாதே.” எத்தனையோ பதில்களை எழுதி அழித்துவிட்டு, “பத்திரமா ஓட்டு,” என்று அனுப்பினாள்.

வகுப்பை அவள் மட்டும் தொடர்ந்து நடத்த முடியுமா என்று டீன் கேட்டாள். முடியாது என்றாள். பாடப்பட்டியலிலிருந்து அது எடுக்கப்பட்டது. விளம்பரப் படத்தில் இப்போது ஏரியும் பாய்மரப் படகும் இருக்கின்றன. எஸ்டெல் ஒருநாள் கடையில் எதிர்ப்பட்டு, “வாயேன், சனிக்கிழமை,” என்றாள். மார்ஷா போனாள். எல்லோரும் பேரக்குழந்தைகளைப் பற்றிப் பேசினார்கள். வேறு எதைப் பற்றியும் யாரும் பேசிவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எல்லோருக்கும் முன்னால் கிளம்பிவிட்டாள்.

அக்டோபர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரீமிடமிருந்து செய்தி வந்தது. தெய்ர் அல்-பலாவில் முனீரின் அத்தை இறந்துவிட்டாள். குண்டில் இல்லை, சர்க்கரை நோய்க்கு மருந்து கிடைக்காமல். மார்ஷா போனைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்தாள். ஆறுதல் சொல்லும் தகுதி தனக்கு இருக்கிறதா என்று யோசித்தாள். சொன்னால் என்ன சொல்வது என்று யோசித்தாள். எந்த வாக்கியத்தை எடுத்தாலும் ஏற்கெனவே யாரோ எங்கோ மேடையில் சொன்னது போலிருந்தது. கடைசியில் எதையும் முடிவு செய்யாமலே எண்ணை அழுத்தினாள்.

முதல் மணியிலேயே எடுத்தான்.

“முனீர், நான்…”

“தெரியும். ரீம் சொன்னா. எதுவும் சொல்லாதே, மார்ஷா.”

“சரி.”

“ஆனா போனை வெச்சுடாதே.”

அவள் வைக்கவில்லை. அந்தப் பக்கம் அவன் போனை மேஜைமேல் வைத்த சத்தம் கேட்டது. குழாயில் தண்ணீர் விழுந்தது. யாரோ கதவைத் தட்ட, அவன் அரபியில் ஏதோ சொல்லி அனுப்பினான். பிறகு நாற்காலி இழுபடும் சத்தம். பிறகு வெறும் மூச்சு. அவன் அழுகிறானா, சும்மா உட்கார்ந்திருக்கிறானா என்று அவளால் சொல்ல முடியவில்லை. கேட்கவும் இல்லை. அவளுடைய ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுக்காரர் இலைகளைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

போனில் சார்ஜ் குறைந்துகொண்டே வந்தது. ஒயர் குட்டை. சத்தம் எழாமல் மெல்ல எழுந்துபோய், அதைச் சுவரில் செருகி, சமையலறைத் தரையிலேயே சாய்ந்து உட்கார்ந்து, போனைக் காதோடு வைத்துக்கொண்டாள்.